பள்ளி விடுமுறையில் இல்லாத படகு

உன் முப்பத்தோராம் நாள் புத்தகத்தில் அச்சு மை இன்னும் மணக்கிறது. அட்டையில் நீ சிரிக்கிறாய். உள்ளே தேவாரம், உன் வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் நன்றியுரை. நம் ஊரில் செத்தவர் எல்லாருக்கும் அடிக்கும் புத்தகத்தில் இருப்பவைதான். அவற்றுக்குப் பின்னால் நாலு பக்கம், வேறு எந்த வீட்டுப் புத்தகத்திலும் நான் காணாதது. 'யாழ்ப்பாணம் வருவோர்க்குச் சில குறிப்புகள்.' கீழே என் பெயர்.

அந்தப் பக்கங்களை நீ குப்பையில் போட்டுவிட்டாய் என்று ஆறு வருடமாக நம்பியிருந்தேன்.

அப்போது நீ உன் வீட்டு மேல்மாடியில் நாலு அறை கட்டி, வெளியூராருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தாய். வருகிற எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் என்னிடம் வந்தாய்.

"மச்சான், நீ தமிழ் வாத்தி. வாற சனத்துக்கு ஒண்டு எழுதித் தா. சுவரிலை மாட்டுவம்."

நான் கோட்டையின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாய்.

"சரித்திரம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா பஸ்ஸாலை இறங்கி வாறவனுக்கு முதல் கக்கூஸ் எங்கை எண்டு சொல்லடா."

வரலாறு கடைசிப் பக்கத்துக்குப் போனது. கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்று எழுதினேன். "பெனியனும் எண்டு போடு. இல்லாட்டி பெனியனோடை வந்து நிப்பாங்கள்" என்றாய். கீரிமலையில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு, ஒடியல் கூழ் வேண்டுமானால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும், ஓட்டோவில் ஏறுமுன்பே கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும்: எல்லாம் நீ சொல்ல நான் எழுதியவை. படகு நேரம் பற்றிய வரி மட்டும் என்னுடையது. நெடுந்தீவில் மூன்று வருடம் படிப்பித்தவன் நான். பின்னேரம் அங்கிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாதா? நீயும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டாய்.

சித்திரை விடுமுறை முடிந்து உன் வீட்டுக்கு வந்தபோது, தாள்கள் மாட்டியிருந்த சுவர் வெறுமையாக இருந்தது. ஆணி அடித்த நாலு துளைகள் மட்டும் மிச்சம்.

"என்ரை தாள் எங்கை?"

"கழட்டிப்போட்டன் மச்சான். பிறகு கதைப்பம்."

பிறகு கதைக்க நான் விடவில்லை. எனக்கு வரவேண்டிய பள்ளி அதிபர் பதவியைத் தட்டிப் பறித்தவர், காணி எல்லையை அரை முழம் தள்ளி வேலி அடைத்த அயலவர் என்று நான் மறக்காதவர்களின் வரிசை நீளமானது. அன்றைக்கு உன்னை அதில் முன்னுக்கு நிறுத்தினேன். சந்தையில் ஒருமுறை நீ கையை உயர்த்தினாய். நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் செத்தவீட்டுக்கும் வரவில்லை. கோபித்துக்கொண்டு பேசாதவர்களும் போகிற இடம் அது.

முப்பத்தோராம் நாளுக்கு முன் உன் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, கட்டாயம் வரவேணும். அவர் சொல்லிப்போட்டுப் போனவர்."

வந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகம் கைக்கு வந்தது. என் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் கண் தடக்கியது. 'பள்ளி விடுமுறை நாட்களில் இந்தப் படகு இல்லை.' அது நான் எழுதாத வசனம். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"ஆர் இதிலை கைவைச்சது?"

உன் மனைவி உள்ளே போய் என் பழைய தாள்களைக் கொண்டுவந்தார். விளிம்பில் நீல மையில் உன் கையெழுத்தில் அதே வசனம்.

"சித்திரை லீவிலை வந்த ஒரு சோடி, உதை நம்பிப்போய் தீவிலை மாட்டுப்பட்டு நிண்டதுகள், அண்ணை. இவர் ஆரையோ பிடிச்சு அங்கை ஒரு வீட்டிலை தங்க வைச்சவர். விடிய வந்து ஒரே சண்டை. 'நான்தான் பிழையா எழுதினனான்' எண்டு சொல்லிப்போட்டுத் தாளைக் கழட்டினவர்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"'உவனுக்கு ரோசம் கூட. சொன்னா இனி எழுதமாட்டான், கொஞ்சநாள் போகட்டும்' எண்டவர். பிறகு நீங்களெல்லோ வரேல்லை. போன மாசம் ஆசுபத்திரியிலை கிடந்தும் இதே கதைதான். 'வெளிநாட்டிலையிருந்து வாற எங்கடை சனத்துக்குத் தேவாரத்தோடை இதுவும் வேணும். அவன்ரை பேரைப் போடு' எண்டவர்."

அது படிப்பிக்கப் போகிறவர்களை ஏற்றி இறக்கிய படகு. நான் அதில் போனதெல்லாம் பள்ளி நாட்களில். விடுமுறையில் அந்தப் படகுத் துறையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. நீ என்னை அவமதிக்கவில்லை. வரிசையில் முன்னுக்கு நின்ற ஒருவனை வெளியே விட்டதும் மூச்சு இலகுவாக வந்தது. எனக்குச் சொல்லியிருக்கலாமே என்ற கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். கோபப்படாமல் உன்னோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியாது.

சுத்தியலும் ஆணிகளும் கேட்டு வாங்கி, தாள்களை அதே துளைகளில் மாட்டினேன், உன் நீல எழுத்து நன்றாகத் தெரியும்படி. அப்போது கனடாவிலிருந்து வந்திருந்த உன் தங்கை மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நாளைக்கு நெடுந்தீவு போறம். திரும்பி வர கடைசிப் படகு எத்தினை மணிக்கு?"

நேரம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பொறு பிள்ளை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ எண்டு முதல் பாப்பம்."

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். உன் வசனத்தை இப்போது நான்தான் சொல்லித் திரிகிறேன்.