பேர் ஓடட்டும்

ஆடி 12, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து சாத்த முடியாது. வலது கால் தொடை வரை மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கியதற்குத் தண்டனை. இன்னும் ஐந்து வாரம் இந்தக் கட்டில்தான்.

புது நோட்டு. மருமகள் சுமதி வாங்கித் தந்தாள். முதல் பக்கத்தில் பச்சையப்பன் என்று நானே எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு வயது வரை கைநாட்டு. மண்டியில் முப்பது வருடம் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கினேன், மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. போன வருடம் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது காலண்டர் படிப்பேன். ஊறுகாய் பாட்டில் படிப்பேன். ஊறுகாயில் என்னவெல்லாம் போடுகிறார்கள்! அதிசயம்.

மதியம் வழக்கம்போல இருவரும் வந்தார்கள். கண்டக்டர் ஏழுமலை (இனி க. கை வலிக்கிறது), தையல்கடை நூர் பாய். நான் டீக்கடைக்குப் போக முடியாததால் டீக்கடை இங்கே வந்துவிட்டது. படம் பார்ப்பது, பிறகு சண்டை போடுவது. இன்று போலீஸ் படம்.

க.: "நூறு பேரைச் சுட்டுட்டான்யா. ஒரு வாட்டி குண்டு மாத்தினானா?"

பாய்: "நீ நாப்பது வருசம் டிக்கெட் கிழிச்ச. ஒரு வாட்டி சில்லறை குடுத்தியா?"

பிறகு பேச்சு சீரியலுக்குத் தாவியது. மூன்று மாதமாக கோமாவில் இருக்கும் மருமகள்.

பாய்: "கோமால இருக்கறா, உதட்டுச் சாயம் மட்டும் கலையல. டெய்லி யாருண்ணே பூசி விடறாங்க?"

க.: "மாமியாதான். அதான் அந்தம்மா நல்லவளா மாறிட்டாளே, போன வாரம் பாக்கல?"

சிரித்ததில் கால் வலித்தது. ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் க. டிவியைப் பட்டென்று அணைத்துவிட்டார்.

"பேர் ஓடட்டும்யா" என்றேன்.

"பேர்ல என்னய்யா கதை இருக்குது?"

ரிமோட் அவர் கையில். நான் கட்டிலில்.

ஆடி 13, செவ்வாய்

காலை ஒன்பது முதல் கரண்ட் இல்லை. வியர்வை. கட்டுக்குள் அரிப்பு. சுமதி பின்னல் ஊசி கொடுத்தாள், சொரிய. சொர்க்கம்.

டிவி இல்லாததால் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதது. நான் எழுத்துப் படித்தது ஊறுகாய் பாட்டிலுக்காக இல்லை.

சின்னவன் சுந்தர் ஒன்பது வருடத்துக்கு முன் சென்னை போனான். சினிமாவில் செட் போடும் தச்சு வேலை. நான்கு வருடம் முன்பு அவன் அம்மா இறந்தபோது மூன்றாம் நாள்தான் வந்தான். ஏதோ காட்டில் படப்பிடிப்பாம், போன் கிடைக்கவில்லையாம். பெரியவன் முருகன் அவனை வாசலிலேயே நிறுத்தினான். "யாரு நீ? இங்க உனக்கு யாரும் இல்ல, போ." நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். அன்று இரண்டு காலும் நன்றாக இருந்தன. எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு இந்த வீட்டில் அவன் பெயர் கிடையாது. நம்பர் மாறிவிட்டது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. முருகன் கெட்டவன் இல்லை. லாட்ஜில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிடுகிறான். அப்படிப்பட்டவனிடம் எப்படிக் கேட்பது?

ஒரு நாள் டீக்கடையில் க. சொன்னார்: "படம் முடிஞ்சதும் ஆணி அடிச்சவன் பேர் வரைக்கும் போடறான்யா." மறுநாள் வகுப்பில் சேர்ந்தேன்.

இந்தப் பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆனது.

ஆடி 14, புதன்

வெயில். பாய்க்குக் கடையில் வேலை, க. பேத்தி வீட்டில். நல்லது. ரிமோட் என்னிடம். படத்தை நிறுத்தும் பொத்தானை சுமதி காட்டித் தந்திருக்கிறாள்.

படம் பார்க்கவில்லை. கடைசிக்கே தள்ளினேன். பெயர்கள் வந்தன. நிறுத்தினேன்.

ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். வேறு படம் போட்டேன். அப்படியே. இன்னொன்று. அப்படியே.

சுமதி மாவு கரைத்த கையோடு வந்து பார்த்தாள். "இங்கிலீஷ் மாமா அது. தமிழ்ப் படம்னாலும் பேரு இங்கிலீஷ்லதான் ஜாஸ்தி போடுவாங்க. ஏன், என்ன பாக்கறீங்க?"

"சும்மா. படிச்சுப் பழகறேன்."

ஒரு வருடம். மழையிலும் போனேன். அறுபது தாண்டிய பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக் கத்தினேன். தமிழ்ப் படம், தமிழ்ப் பேச்சு, தமிழ்ப் பாட்டு. வேலை செய்தவன் பெயர் மட்டும் இங்கிலீஷ்.

முதலில் சிரிப்புதான் வந்தது. மாலை சாப்பிடவில்லை. வாய் கசப்பு என்றேன்.

ஆடி 15, வியாழன்

தூறல். ஒரு யோசனை. படிக்கத் தெரியாவிட்டால் என்ன? மண்டியில் ஒவ்வொரு வியாபாரியின் மூட்டைக்கும் ஒரு குறி இருக்கும். படிக்காமலே சரியான லாரியில் ஏற்றுவேன். ஒரு மூட்டை தப்பியதில்லை.

சுமதியிடம் காகிதம் கொடுத்தேன். "நம்ம வீட்டு ஆளுங்க பேரெல்லாம் இங்கிலீஷ்ல எழுதும்மா. பெரிய எழுத்தா."

எழுதினாள். என் பெயர். முருகன். சுமதி. இறந்துபோன என் மனைவி காமாட்சி. ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழில்.

"போதுமா மாமா?"

"போதும்."

பேனாவை மூடவில்லை. பிறகு கடைசியில் இன்னொன்று எழுதினாள். அதன் எதிரில் தமிழில் எழுதவில்லை. காகிதத்தை மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நல்ல பெண்.

ஆடி 16, வெள்ளி

காற்று. கூழ் ஊற்றும் மைக் சத்தம் காலை முதல்.

எங்கள் வழக்கம்: ஒரு நாளைக்கு ஒருவர் முறை, அவர் சொன்ன படம். இன்று என் முறை. "மூணு படம். கடைசி அஞ்சு நிமிசம் மட்டும்" என்றேன்.

க.: "யோவ், கால்லதான அடிபட்டுச்சு?"

போட்டோம். நிறுத்தி நிறுத்தி, காகிதத்தையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்புச் சாரை. மூன்று படத்திலும் அந்தக் கடைசி வரிக் குறி இல்லை. கண்ணில் நீர், பார்த்த அசதியில்.

படமே பார்க்காவிட்டாலும் சண்டை நிற்கவில்லை.

க.: "மொத படத்துல வில்லன் செத்தானா இல்லயா?"

பாய்: "செத்திருப்பான். இல்லன்னா இவ்ளோ பேர் சந்தோசமா பேர் போட்டுக்குவாங்களா?"

பிறகு பாய் மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பேருண்ணே தேடற?" முருகன் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். காகிதத்தைக் கொடுத்தேன். பாய்க்கு இங்கிலீஷ் வரும். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைத்துத் தைத்துப் பழகியது. கடைசி வரியைப் பார்த்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஞாயித்துக்கெழமை என் முறை. புதுப் படம் ஒண்ணு வந்திருக்குது. அரண்மனை செட்டு. ஆசாரிங்க வேல கம்மியா இருக்காது."

ஆடி 17, சனி

எழுத ஒன்றுமில்லை. நாள் முழுதும் கூரை விசிறி. அதில் ஒட்டடை. சொன்னால் சுமதி வருத்தப்படுவாள்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வெயில். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. முருகனுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்தான். கதவு திறந்தே இருந்தது.

அரண்மனைப் படம் முழுதும் பார்த்தோம். நீளம். ராணி அழுதபோது க.வும் அழுதார். "புளிச்சோத்துல காரம் ஜாஸ்தி" என்றார்.

பெயர்கள் வந்தன. பாய் ரிமோட்டை என்னிடம் தந்து கண்ணாடியைப் போட்டார். நான் நிறுத்த, அவர் பள்ளிக்கூட வாத்தியார் போல வாசித்தார். மேக்கப்காரர். குதிரை பார்த்துக்கொண்டவர். சாயம் பூசியவர்கள். தச்சு. எட்டுப் பெயர்கள். ஆறாவதில் நின்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். டிவியைப் பார்த்தேன். அதே குறி.

"சுந்தர்" என்று பாய் சத்தமாகவே வாசித்தார்.

நான்கு வருடத்தில் இந்த வீட்டில் முதல் முறை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் விரல் பட்டுப் பொத்தான் அழுந்திப் பெயர்கள் மறுபடி ஓடின. பாய் "நிறுத்து, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். சமையல் ஆட்கள் பட்டியல். அதிலும் ஒரு சுந்தர்.

க.: "ரெண்டு இருக்குதேய்யா. இதுல எவன் நம்ம ஆளு?"

அவன் தச்சு வேலையை விட்டுச் சமையலுக்குப் போயிருக்கலாம். இரண்டுமே வேறு ஆட்களாக இருக்கலாம்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. முருகன் வந்து வாசற்படியில் நின்றான். லுங்கி, கலைந்த முடி. எவ்வளவு நேரமாக விழித்திருந்தான் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தான்.

"சமையல்ல இருக்கறவன் இல்ல" என்றான். "அவனுக்கு சுடுதண்ணி வெக்கக்கூட வராது. மேல இருக்கறவன்தான்."

தரையில் உட்கார்ந்தான், டிவிக்கு மிக அருகில்.

"பேரைப் பின்னாடி தள்ளுப்பா."

தள்ளினேன்.