உன் விளக்கமும் தம்பியின் மாத்திரையும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இன்று நம் தையல் கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தேன், சட்டைக்காரர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். போன மாதம் போனில் உன் ஆய்வகத்து வேலையைச் சொன்னாயே, எச்.ஐ.வி. புகுந்த செல்லை நம் ரத்தத்து வெள்ளை அணுக்களில் சில தேடிப் போய்க் கொல்லும், சில நேரம் கொல்லாமலே எதையோ சுரந்து கிருமியைப் பெருகவிடாமல் அமுக்கி வைக்கும், அபூர்வமாகச் சிலருக்கு மாத்திரையே இல்லாமல் வருஷக்கணக்காக அப்படி ஓடுகிறது என்று. எனக்குப் பெருமை தாங்காமல் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த உன் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான். அன்றோடு தன் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிட்டான், பெரிய துரை மாதிரி.

ஏன்டா என்றால், "அக்காதானே சொன்னா, என் உடம்பே பாத்துக்கும்" என்கிறான். மாத்திரையைக் கையில் எடுத்தாலே நோயாளி என்ற நினைப்பு வருகிறதாம், கடையில் மற்றவர்களுக்குத் தெரியாமல் விழுங்கி விழுங்கிச் சலித்துவிட்டதாம். டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி ஏறிவிட்டது, அணுக்கள் முடிந்ததைச் செய்கின்றன, தனியாகச் சமாளிக்க முடியாது, அந்த அபூர்வ ஆட்களில் இவன் இல்லை, உடனே மாத்திரையை ஆரம்பிக்கணும் என்று ரத்தம் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். கேட்டால்தானே! இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அந்த அணுக்களுக்கு வக்காலத்து வாங்குகிறான். அம்மா அழுதாள், நான் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அவன் இருமினால் விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், இருமாவிட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உன்மேல் தப்பில்லை கண்ணு, நீ உள்ளதைத்தான் சொன்னாய், அவன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான். போனில் சொல்லலாம் என்றால் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் அவனைக் கூப்பிடு. ஆனால் மறுபடி அணுவைப் பற்றி ஆரம்பிக்காதே, அவன் எதிர்த்து இரண்டு கேள்வி கேட்பான், உனக்கும் உற்சாகம் வந்துவிடும், பேச்சு எங்கேயோ போய்விடும். அவனுக்கு இது வந்த நாளிலிருந்து நீ எத்தனையோ விளக்கிவிட்டாய், "எனக்குப் பயமாக இருக்கிறதடா" என்று ஒரு தடவையும் அவனிடம் சொன்னதில்லை. அதை மட்டும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நீயும் அவனும் நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மறந்துவிடாதே, அவன் மாத்திரையை விழுங்கும் சத்தம் காதில் கேட்கும்வரை போனை வைக்காதே.

உன் அப்பா