கடுக்காய்த் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்

ஸ்ருதி வீட்டைப் படம் பிடிக்க இன்றும் ஆட்கள் வந்தார்கள். ஸ்ருதி வீடு! நூறு வருஷத்து வீடு ஒன்றுதான். இவரும், அவள் புருஷனான என் கொழுந்தனும் பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள், அவ்வளவுதான். அவள் தன் பக்கத்தில் பழைய தூண்களைத் தேய்த்து, சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு பூசுகிறாள். ஆறு வருஷத்துக்கு முன் வடக்கு ரத வீதியிலேயே முதலில் டைல்ஸ் ஒட்டியவள் நான். அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது.

இன்று எதிர்வீட்டு வள்ளித்தாய் சொல்கிறாள், "வடிவக்கா, ஒங்க பக்கம் மட்டும் ஆஸ்பத்திரி கணக்கா இருக்கு."

ஜூன் 12

எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை.

ஜூன் 17

பொதுப் புறவாசலில் இரண்டு டிரம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுகின்றன, சுண்ணாம்பில் சேர்க்க. வீச்சம் தாங்கவில்லை. "பதினஞ்சு நாள் ஊறணும், யாரும் தொட்ராதீய" என்கிறார் ஷேக் ஃபரீத் கொத்தனார். நான் ஏன் தொடப்போகிறேன்?

ஜூன் 24

காலையில் காப்பி குடித்துக்கொண்டே இவர் சொல்கிறார்: "ஸ்ருதிக்கு ரசனை இருக்கு." அப்போ எனக்கு? இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினவளுக்கு என்ன இருக்கு?

பதினோரு மணிக்கு ஸ்ருதி தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போனாள். இரண்டாவது டிரம்மைச் சாய்த்துவிட்டேன். ஒரே தள்ளு. தண்ணீர் முழுக்கத் தென்னைமூட்டுக்கு ஓடியது.

ஜூன் 25

"மாடு வந்து தட்டிருக்கும்" என்றார் கொத்தனார். நானும் ஆமாம் போட்டேன்.

பிறகு ஸ்ருதி வந்தாள். "யக்கா, கவிழ்ந்தது ஒங்க முன்சுவத்துக்கு ஊறப்போட்டது. சிமெண்ட் போட்டதுலதான் ஒங்க சுவத்துல ஈரம் புடிச்சு ஓதம் ஏறுதுன்னு கொத்தனார் அண்ணாச்சி சொன்னாவ. அத்தான்ட்ட கேட்டுட்டேன். ஆடித்தபசு திருவிழாவுக்கு முன்ன முடிச்சு ஒங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன்."

ஊஞ்சலுக்குப் பின்னால் உப்பி நிற்கும் அந்த முன்சுவரை மூன்று வருஷமாகக் காலண்டர் மாட்டி மறைக்கிறேன். அதை இவள் எப்போது பார்த்தாள்? அழவும் முடியல, திட்டவும் முடியல.

ஜூன் 27

நாட்டுமருந்துக் கடைக்கு நானே போனேன். கவிழ்ந்த டிரம்மில் மறுபடி ஊறப்போடக் கடுக்காயை நானே இடித்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தபசுக்குக் கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. முன்சுவர் முடிந்துவிட்டது. "இப்பதான் ஒரே வீடா தெரியுது" என்றாள் வள்ளித்தாய். படம் பிடிக்க வந்தவர்களிடம் ஸ்ருதி என்னை முன்னால் தள்ளி, "யக்காதான் கடுக்காய் இடிச்சாவ" என்றாள். அப்போதும் அவளைத்தான் நிறையப் படம் எடுத்தார்கள். எண்ணினேன்.

அடுப்படிச் சுவருக்கு இன்னும் ஒரு டிரம் ஊறுகிறது. "புறவாசல் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடும்மா, திரும்ப மாடு வந்துரப் போவுது" என்றார் கொத்தனார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் ஸ்ருதி, என்னைப் பார்க்காமலே. "இனி வராது."