தீர்மானத்தைக் காணோம்

தொண்டாமுத்தூர்
12.8.1997

அன்புள்ள அண்ணா,

எங்கள் கையெழுத்துக்காக டெல்லியிலிருந்து நீங்கள் அனுப்பிய அறிக்கை கிடைத்தது. அம்மா நலம்.

வெப்பம் கூடி மழை மாறுகிறதே, நாடு என்ன செய்யலாம் என்று கேட்டு, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எங்கள் நாற்பது பேரை அழைத்தது உங்கள் அலுவலகம்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து நிபுணர்களைக் கேள்வி கேட்டோம்.

விவசாயிகளின் இலவச மின்சாரத்துக்காகப் போராடிச் சிறை சென்ற பொங்கியண்ணன் மாமாவும் எங்களில் ஒருவர். முதல் நாளே, “எம்பட மோட்டாருல கை வெச்சா எந்திரிச்சுப் போயிருவனுங்க” என்றார்.

கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஜன்னத் அக்கா, “கெணறு வத்திப்போச்சுன்னா அந்த மோட்டாரு எதைய எறைக்குமுங்க?” என்று கேட்டார். மூன்று வாரம் மாமா அவரோடு பேசவில்லை.

கடைசி ஞாயிறு, நீர் இறைக்க அளவு வேண்டும், புதிய நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவர் மாமாதான். அன்றிலிருந்து அவர் மகன் அவரோடு பேசுவதில்லை.

உங்கள் அறிக்கையில் அந்தத் தீர்மானத்தைக் காணோம். ‘பங்கேற்பாளர்கள் விழிப்புணர்வு பெற்றனர்’ என்று ஒரே வரி. எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் நடை எனக்குத் தெரியும்.

நாங்கள் பாடம் கேட்கப் போகவில்லை, முடிவெடுக்கப் போனோம். எங்கள் முடிவை ஏற்க முடியாதென்றால், காரணத்தை எங்கள் முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த அறிக்கையில் நான் கையெழுத்திட மாட்டேன். மற்றவர்களும் இடவில்லை. எங்களில் பத்துப் பேர் அடுத்த வாரம் டெல்லிக்கு ரயில் ஏறுகிறோம். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். அலுவலகத்துக்குத்தான் வருகிறேன். அங்கே என்னைத் தங்கை என்று யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
நாற்பது பேரில் ஒருத்தி