நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ‘அம்மா’

சேசு மரி சூசை துணை

பேத்துப்பாறை
12.7.1983

அன்புள்ள மகள் அருள்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நாக்பூரில் நீ சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன், அதற்குமேல் இனிப்பாக எழுத இன்று மனம் வரவில்லை. பத்து நாளாக மழை, பீன்ஸ் கொடியெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, அப்பாவுக்கு இருமல். மே மாதம் லீவில் வந்தவள் மெத்தைக்கு அடியில் ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறாய், மூன்று பாகத்தில் நடுப் பாகம். பதினான்கு வருடமாகப் பள்ளிக்கூட லைப்ரரியில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிறவள் நான், எனக்குப் படிக்க வராது என்று நினைத்தாயோ? டிக்ஷனரி வைத்துக்கொண்டு பதினோரு நாளில் முடித்தேன்.

ஊரைச் சுற்றி மதில் கட்டி ஒருவரையும் வெளியே விடாத சர்க்கார், தப்பிப்பதற்குக் கயிறு திரித்து ஒளித்து வைக்கிற ஒரு பெண், அதைக் கண்டுபிடித்துக் காவல்காரர்களிடம் போய்ச் சொல்லுகிற அவள் தாய். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறாய். நான் வடித்த சோற்றைப் பத்து நாள் தின்றாயே, முகத்துக்கு நேரே கேட்க வாய் இல்லையா உனக்கு? பக்கத்து வீட்டு ஞானம்மா வந்து, “என்னக்கா, புஸ்தகத்தப் பாத்து அழுவுறீங்க?” என்றாள். “ஒன் சோலியப் பாத்துட்டுப் போ” என்று விரட்டிவிட்டேன்.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன், ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் பாகத்திலாவது அவளைப் பேச விடுவார்களோ என்னவோ, அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் உன் பைபிளுக்குள் ஸ்டுடியோக்காரப் பையனின் கடிதம் இருந்தது, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு வந்துவிடு என்று. அப்பா பெல்ட்டை உருவினார், காலேஜை நிறுத்தினார், உன்னை நாக்பூரில் சித்தி வீட்டுக்கு ரயில் ஏற்றினார். கிளம்பும்போது, “நீதானம்மா எடுத்துக் குடுத்த?” என்று கேட்டாய். “சத்தியமா நான் இல்லடி, அவராத்தான் பாத்துட்டாரு” என்றேன். பொய். நான்தான் கொடுத்தேன். அடிப்பார் என்று தெரிந்தே கொடுத்தேன். அந்தப் பையன் நல்லவனா கெட்டவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, நீ போய்விடுவாய் என்பதுதான் தாங்கவில்லை. எப்படியும் போய்த்தான் விட்டாய்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை, எனக்கும் உன்மேல் கோபம் தீரவில்லை. இனிமேல் திட்டுவதாக இருந்தால் கடிதத்தில் திட்டு, முழுசாகப் படிப்பேன். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. பூண்டி மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த அம்மா
கித்தேரியம்மாள்