சுவருக்கு இந்தப் பக்கம்

மே 28

இன்றும் பாதி அண்டா மூலிகை ஜெல்லி மிச்சம். தேன் ஊற்றி நானே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். கசப்பு உடம்புக்கு நல்லதாம். அப்படியென்றால் வூசோவிலேயே என்னைப்போல ஆரோக்கியமானவள் கிடையாது.

கடை வாசலில் நின்றால் எதிரே வெள்ளத் தடுப்புச் சுவர். முன்பு அங்கே படகுத்துறை தெரியும். குவாங்சோ படகிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். என் மாமனார் காலத்தில் ஹாங்காங்குக்கே இங்கிருந்து கப்பல் போனது. இந்த மாகாணத்துச் சரக்கெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் கடலுக்குப் போனது. இப்போது லாரிகள் நெடுஞ்சாலையில் போகின்றன, ஒரு டீக்குக்கூட ஊருக்குள் இறங்குவதில்லை. படகை நிறுத்தியது அந்தச் சாலைதான், எனக்குத் தெரியும். ஆனால் திட்டுவதற்குப் பக்கத்தில் இருப்பது சுவர்.

ஜூன் 2

என் வீட்டுக்காரன் கின் போன் செய்யவில்லை.

ஜூன் 6

செய்தான். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." இதற்கு ஒரு போன். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றான்.

இருபது வருஷம் படகில் சுக்கான் பிடித்த மனுஷன். இப்போது ஆற்றோட்டத்தில் கீழே, ஃபோஷானில் ஒரு டைல்ஸ் கிடங்குக்குக் காவல் இருக்கிறான். புத்தாண்டுக்கும் வரமாட்டான், அன்றைக்கு இரட்டைச் சம்பளம்.

முன்பு இப்படிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஜூனில் ஆறு பொங்கும். தண்ணீர் ஏறுகிறது என்று காதில் விழுந்தால் இந்தத் தெரு ஆண்கள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். சாமானை மாடிக்கு ஏற்ற ஒரு ஆள் போதாது. "வீட்ல வெள்ளம்" என்று வூசோக்காரன் சொன்னால் எந்த முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டான். கீழ்த்தளத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு மாடியில் இருப்போம். தூணின் இரும்பு வளையத்தில் படகைக் கட்டுவோம். கீரைக்காரி படகில் வருவாள், ஜன்னலிலிருந்து கூடை இறக்குவேன். நானும் அவனும் சீட்டாடுவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்ததே எனக்கு வெள்ளத்தில்தான் ஞாபகம் வரும்.

சுவர் கட்டி இரண்டு வருஷம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அவனும் வரவில்லை.

ஜூன் 17

மேற்கே பேய்மழை. ஊரில் வந்து கலக்கும் இரண்டு ஆறுகளில் சுன் ஏறுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். சுவரின் இரும்புக் கதவை மூடிவிட்டார்கள். பக்கத்துத் தேயிலைக் கடை பங் அண்ணன் மூச்சுவாங்கக் கூடைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சுவர்தான் இருக்கே அண்ணே?"

"சுவர் நேத்து வந்தது. அறுபது வருஷமா ஜூன்ல தூக்கித் தூக்கிப் பழகின கைம்மா, சும்மா இருக்கச் சொன்னா கேக்குதா?"

கடைக்குள் வந்து கின்னுக்குப் போன் போட்டேன். தண்ணீர் மூன்றாவது படி ஏறிவிட்டது, அண்டா கீழேயே கிடக்கிறது என்றேன்.

வாசல் காய்ந்து கிடக்கிறது.

ஏன் சொன்னேன்? வாய் சொல்லிவிட்டது. "சரி, கிளம்பறேன்" என்றான். உடனே ஓடிப்போய் ஒரு வாத்து வாங்கி வந்தேன். வெட்கங்கெட்டவள்.

ஜூன் 18

வந்தான். அவன் தெருவில் நுழையும்போதே பங் அண்ணன், "என்னப்பா கின், நீந்தியா வந்த? சட்டை நனையவே இல்லையே!" என்றார். தெருவே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"பாலத்துல வரும்போதே பாத்துட்டேன். சுன் மஞ்சளா வருது, குய் ஆறு பச்சையாவே இருக்கு. ரெண்டும் மஞ்சளாகாம என்னிக்கு இங்க வெள்ளம் வந்திருக்கு?"

"தெரிஞ்சும் எதுக்கு இறங்கின?"

"பஸ் இங்கதான் நிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவனே சொன்னான். "லீவு கேட்டேன். உங்க ஊர்ல சுவர் கட்டியாச்சேன்னு மேனேஜர் சிரிச்சான். என் பொண்டாட்டி பொய் சொல்லமாட்டான்னு அவன்கிட்ட சண்டை போட்டுட்டு வரேன், ஆ ஹிங்."

பேர் சொல்லி வேறு கூப்பிட்டான், அப்படியே செத்துப்போயிருக்கலாம். ஆனால் வாய் விடுமா? "வெள்ளம்னாத்தானே வர்ற! சும்மா வான்னு கூப்பிட்டா வந்திருப்பியா? சொல்லு! பொண்டாட்டி தனியா கெடக்கான்னு எவன்கிட்டயாவது லீவு கேட்டிருக்கியா நீ?"

வாத்தைத் தின்றான், நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். சாயங்காலம் சுவர்மேல் ஏறி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, "மணல் படகைத் தவிர ஒண்ணும் போகல" என்றான்.

ஜூன் 19

முதல் பஸ்ஸில் போய்விட்டான். கிளம்பும்போது, "வா, அண்டாவ மேல ஏத்திடலாம்" என்றான். எதற்கு என்றேன். "வந்ததுக்கு ஒரு வேலையாச்சும் செஞ்சிட்டுப் போறேன்."

தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் வழக்கம்போல என் பக்கம் சாய்ந்தது, வழக்கம்போல அவன் முட்டுக் கொடுத்தான். அந்த ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது.

இப்போது அண்டா மாடியில். இறக்க ஆளில்லை. மூன்று நாளைக்குக் கடை மூடல், பிறகு சின்னப் பானையில் காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 24

கின் போன் செய்தான், வேலை போய்விட்டதாம். என்னால்தான். கூட்டாளி ஒருவன் ஜோங்ஷானில் வேலை வாங்கித் தருகிறானாம். இன்னும் கீழே, கடலுக்குப் பக்கத்தில்.

"இங்கயே வந்துடேன். கடையை ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்" என்றேன்.

"தெனம் பாதி மிச்சமாகுற கடைக்கு ரெண்டு பேரா?" என்றான். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 13

குவாங்சோவிலிருந்து ஒரு இளம் ஜோடி. கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுப்பது தொழிலாம். மாடி ஜன்னலையும் இரும்பு வளையத்தையும் பார்த்துவிட்டு அந்தப் பெண், "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு, வெள்ளம் வந்தா ஜாலியா இருக்கும்ல அக்கா?" என்றாள்.

இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 9

ஸ்டுடியோ வைக்க மாடியை அந்த ஜோடிக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அவர்கள் ஆட்களே அண்டாவைக் கீழே இறக்கினார்கள். கட்டிலும் கீழே வந்துவிட்டது, அலமாரிக்குப் பின்னால் போட்டிருக்கிறேன்.

பங் அண்ணன் பதறிப்போனார். "இந்தத் தெருவுல எவளாவது கீழ படுப்பாளா? தண்ணி வந்தா?"

"வராது அண்ணே."

ராத்திரி கின் போன் செய்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாடிய விட்டுட்டியாமே? நான் வந்தா எங்க படுக்கிறது?"

ஒற்றைக் கட்டில்தான் என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு லாட்ஜ் வந்திருக்கிறது, சுத்தமாக இருக்கிறதாம் என்றும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுதான் சொன்னேன்.

அவன், அங்கே ஒரு நாளைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டான்.