கேர் ஆஃப் பெரியபண்ணை

கும்பகோணம்,
28-6-1970, ஞாயிறு

அன்புள்ள செல்லதுரைக்கு,

நெய்னா முகம்மது எழுதுவது. நலம் விசாரிப்பதையெல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். இதைப் பிரித்ததும் முதல் வேலையாக உங்கப்பாவைத் தேடிப் போ. அவர் பண்ணைவீட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சொல்லிவிட்டு வந்தாயா? இப்போது படி.

நேற்று பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பஞ்சநதத்தைப் பார்த்தேன். உன் ஊர் வழியாகப் போகிறவர், எல்லாச் செய்தியும் அவரிடம் இருக்கும். கூலியை ஏற்றித் தராமல் நடவுக்கு இறங்குவதில்லை என்று உங்கள் தெரு முடிவெடுத்துப் பத்து நாளாகிறதாம். பெரியபண்ணையின் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறதாம். பண்ணைக் காரியக்காரர் தியாகராசன் உங்கப்பாவை வழியில் நிறுத்தி, "ஒம் மவனுக்குக் காலேஜ்லேர்ந்து கவர் வந்து நம்ம வீட்ல கெடக்கு வீரையா. செவ்வாக்கிழம ஆளுங்கள வயல்ல இறக்கிட்டு வந்து வாங்கிக்க" என்றாராம். உங்கப்பா பதில் பேசாமல் போனாராம். அவர் பேசாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தெருவுக்கு நாட்டாண்மை அவர். அவர் ஒருவர் வயலில் கால் வைத்தால் அறுபது வீடும் பின்னால் இறங்கும். உனக்காக அவர் இறங்கக்கூடியவர் என்பதும் எனக்குத் தெரியும்.

உடனே கல்லூரி ஆபீசுக்கு ஓடினேன். அந்தக் கவரில் இருப்பது நேர்முகத் தேர்வுக்கான கார்டு. தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. குமாஸ்தா முதலில் எரிந்து விழுந்தார். நல்ல வேளையாக உனக்குப் பணம் கட்டிய செலானின் அடித்துண்டு என்னிடம் இருந்தது. விண்ணப்ப எண் 412. பதிவேட்டில் உன் பெயரைப் பார்த்த பிறகு, பையன் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் வேறு கார்டு தருவதாக ஒப்புக்கொண்டார். அன்று ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். ஆக, பண்ணைவீட்டில் கிடக்கிற கவர் இனி வெறும் காகிதம். அதற்காக ஒரு முடி நாற்றைக்கூட யாரும் நட வேண்டியதில்லை.

இனி நான் போன வருஷம் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டி.சி., தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ், எல்லாவற்றிலும் அசல் கேட்பார்கள். நகல் செல்லாது. மடித்துச் சட்டைப் பையில் வைக்காதே, வியர்வையில் மை கரையும். உள்ளே போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. உட்காரச் சொன்னால் உட்கார், நாற்காலி கடிக்காது. எந்தக் குரூப் என்று கேட்பதற்கு முன்பே சயின்ஸ் என்று சொல்லிவிடு. பேசாமல் நின்றால் ஆள் சேராத குரூப்பில் தள்ளிவிடுவார்கள், நான் தள்ளப்பட்டது அப்படித்தான். இங்கிலீஷில் நாலைந்து கேள்வி வரும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், தலையை ஆட்டாதே. இதற்கு முன் எப்போதாவது பெயிலானாயா என்று கேட்டதற்கு யெஸ் சார் என்று தலையாட்டியவன் நான். விடுதி மனுவை அன்றைக்கே கொடுத்துவிடு, மறுநாள் என்றால் இடம் இருக்காது.

இன்னொன்று, கார்டியன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த நேரத்தில் உங்கப்பா ஊரை விட்டு வர முடியாது. உங்கம்மா வரலாமா, கைநாட்டு செல்லுமா என்று குமாஸ்தாவிடம் இரண்டு தடவை கேட்டேன். செல்லும் என்றார்.

இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. உன் விண்ணப்பத்தை நிரப்பியது நான். என் எழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தாய். முகவரிக்கு நேரே 'கேர் ஆஃப் பெரியபண்ணை, வடகோட்டகம்' என்று எழுதினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் உங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. நான் உனக்கு அனுப்பிய பொங்கல் வாழ்த்துகளும் அந்த முகவரிக்கு வந்தவைதான். தபால்காரர் உங்கள் தெருவுக்குள் வருவதில்லை, எல்லாவற்றையும் பண்ணைவீட்டில் போட்டுவிட்டுப் போகிறார் என்பதை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் தெரு தோற்றால் நான் எழுதிய அந்த ஒரு வரியால்தான் தோற்றதாக இருக்கும்.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. பஞ்சநதம் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொண்டுவந்து மதகடி நிறுத்தத்தில் உங்கம்மாவிடம் கொடுப்பார். வந்துவிடுடா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

உன்,
நெய்னா முகம்மது


வடகோட்டகம்,
30-6-1970, செவ்வாய்

அன்பு நண்பன் நெய்னாவுக்கு,

செல்லதுரை எழுதிக்கொள்வது. உன் கடிதம் நேற்றுக் காலை வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. விடிந்ததுமே கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. நீ சொன்னபடி மீதியைப் படிக்காமல் ஓடினேன்.

பண்ணைவீட்டு வாசலில், தோளில் போட்டிருக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காரியக்காரர் இன்னும் வெளியே வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். "நீ போடா. நாளைக்கு எறங்குறோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு நான் வாங்கியாறேன்" என்றார். உன் கடிதம் என் கையிலேயே இருந்தது. அங்கேயே நின்று உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். 412 என்ற எண்ணும் வேறு கார்டும் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வாய்க்கால் கரையில் மீதியையும் படிக்கச் சொன்னார். முகவரி எழுதிய கதையையும் படித்தேன். அவர் சிரித்துவிட்டார். "அந்தத் தம்பி ஏன் அழுவுது? நம்ம வெலாசம் அதுதான்னு நானே இத்தினி வருசமா நெனச்சிகிட்டுல்ல இருந்தேன்" என்றார்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அப்பா அந்த வாசலில் நின்றதைப் பார்த்தபோது இருந்தது. அவர் சிரித்தபோது போய்விட்டது.

இன்று யாரும் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு. மதகடியில் இரண்டு போலீஸ் வேன் நிற்கிறது. தெருவில் யார் யார் என்று பேர் எழுதுகிறார்கள். கேசில் என் பேர் ஏறினால் எந்தக் காலேஜிலும் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி, என்னையும் அம்மாவையும் நாளைக்கே கிளம்பச் சொல்கிறார் அப்பா. அவர் பேரை முதலில் எழுதியிருப்பார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவரை இங்கே விட்டுவிட்டு வர எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறேன்.

இதையும் பஞ்சநதத்திடமே கொடுத்தனுப்புகிறேன். நாளை மாலை நாலு மணி பஸ்ஸில் இறங்குவோம். நீ பஸ் ஸ்டாண்டை விட்டு நகராதே. அம்மா கும்பகோணம் பார்த்ததில்லை. எந்தக் கை விரலை வைக்க வேண்டும் என்று இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டது. சான்றிதழ்களை அம்மாவின் கல்யாணப் புடவையில் சுற்றி வைத்திருக்கிறோம், வியர்வை படாது.

வேறு கார்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது முகவரி கேட்பார்கள் அல்லவா? அதையும் நீயே எழுது. வீரையன் மகன் செல்லதுரை, கீழத்தெரு, வடகோட்டகம். கேர் ஆஃப் யாரும் வேண்டாம். தபால்காரர் வருகிறாரா இல்லையா, பார்த்துவிடுவோம்.

இடம் கிடைத்தால் முதல் கடிதத்தை அந்த முகவரிக்கு அப்பாவுக்குத்தான் போடுவேன். அது வந்து சேருகிற நாளில் அவர் வீட்டில் இருக்க வேண்டும் நெய்னா. அதற்காக நீயும் ஒரு துஆ கேள்.

உன் அன்புள்ள,
வீ. செல்லதுரை